பந்தி நேரப் பாட்டு

செப்டம்பர் 19

ஸ்பீச் தெரபிஸ்ட் ஹேமலதா மேடம் இந்த நோட்டைக் கையில் கொடுத்து, "தினமும் வீட்டம்மாவோட குரல் எப்படி இருக்கு, இருமல் உண்டா, எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்க, எல்லாம் எழுதிட்டு வாங்க சார்" என்றார். என்னைப் போய்! ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இந்தக் கை மைக் பிடித்த கை. உடுமலைப்பேட்டை செவ்வந்தி இன்னிசைக் குழுவில் 'கலகல கனகு' என்றால் போஸ்டரில் என் முகமும் ஓரமாக இருக்கும். அறிவிப்பு, மிமிக்ரி, நடுநடுவே கடி ஜோக். முழுப்பெயர் கனகராசு.

நடுவில் பெரிதாக இருக்கும் முகம் என் பெண்டாட்டி செல்வநாயகியுடையது. மெயின் பாடகி. அவள் தொண்டையில் நெல்மணி அளவுக்கு ஒரு முடிச்சு. நேற்று முன்தினம் கோயமுத்தூரில் எடுத்தார்கள். புரட்டாசி பார்த்துத்தான் தேதி வாங்கினோம். இந்த மாதம் கல்யாணமும் கிடையாது, கறியும் கிடையாது, எங்களுக்கு வேலையும் கிடையாது.

மேடம் சொல்லும்வரை அவள் வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதலாம். இத்தனை வருட தாம்பத்தியத்தில் நான் பேசி முடிக்கும்வரை எதிர்ப்பேச்சு வராத முதல் நாள் இன்று. நன்றாகத்தான் இருக்கிறது.

குரல்: இல்லை.

செப்டம்பர் 21

குரல்: இல்லை. வெந்நீர்: நிறைய. ரசம் நான் வைத்தேன். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 25

பேசத்தான் கூடாதே தவிர அதட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு ஸ்பூனும் டம்ளரும் வைத்துக்கொண்டிருக்கிறாள். மெதுவாகத் தட்டினால் இங்கே வா. தொடர்ந்து தட்டினால் வாயை மூடு. இன்று டம்ளர் நசுங்காதது அதிசயம்.

மத்தியானம் ரேஷ்மா போன் செய்தது. கோயமுத்தூரில் விசேஷங்களை எடுத்துச் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். நமக்கு வாய்ப்புத் தருவது அதுதான். விஜயதசமி கழித்து ஒரு ஜவுளிக்கடை நிகழ்ச்சி இருக்கிறதாம்.

"திறப்பு விழாதானே கண்ணு? சொல்லிப்போட்டா வந்து நின்னுக்கறேன்."

"அங்கிள், ப்ளீஸ், திறப்பு விழான்னு மைக்ல சொல்லிடாதீங்க. அது கிராண்ட் லாஞ்ச்."

"ராக்கெட்டா உடறாங்க?"

"ஐயோ அங்கிள்! கடை இப்பவே திறந்துதான் இருக்கு. சத்தமில்லாம ஆரம்பிச்சாங்க. அது சாஃப்ட் லாஞ்ச். எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் ஊரைக் கூட்டிப் பண்றது கிராண்ட் லாஞ்ச்."

அது சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மந்திரி வந்தால் இனாகுரேஷன். வீடு என்றால் ஹவுஸ் வார்மிங். கம்பெனிக்காரர்கள் கூட்டம் என்றால் கிக் ஆஃப். உதைத்தா ஆரம்பிப்பார்கள் என்று கேட்டேன், போனை வைத்துவிட்டது. நாங்கள் மேடை ஏறிய காலத்தில் எல்லாவற்றுக்கும் 'ஓப்பனிங்' ஒன்றுதான். புட்டிக்கும் அதுதான், பாலத்துக்கும் அதுதான். வெள்ளைக்காரன் ஊரில் எதையும் முடிக்கவே மாட்டார்களோ என்னவோ, ஆரம்பத்துக்கே இத்தனை வார்த்தை வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தம் மட்டும் இல்லை. டி.வி.யை மியூட்டில் வைத்த மாதிரி.

செப்டம்பர் 29

ஞாயிற்றுக்கிழமை. ஜெயசீலன் வந்தான். எங்கள் குழுவின் கீபோர்டும் முதலாளியும் அவன்தான். பழைய கேசட்டுகளையெல்லாம் என் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். முதலில் போட்டுக் கேட்டது மடத்துக்குளம் பக்கம் ஒரு மாரியம்மன் நோன்புத் திருவிழாக் கச்சேரி. செல்வநாயகி முதன்முதலில் மேடை ஏறிய நாள்.

என்ன குரல்! எண்ணெய் காயும்போது கடுகு போட்டால் எழும்புமே, அப்படி ஒரு எழும்பல். கேசட்டின் கரகரப்பையும் தாண்டி மேலே போய் நிற்கிறது. அதற்கு முன்னால் என் அறிவிப்பும் பதிவாகியிருக்கிறது. கேட்டால் மானம் போகிறது. அதற்கு முந்தின வாரம் ஒரு பெண்கள் கல்லூரியில் எங்கள் கச்சேரி. வாசலில் 'ஃபேர்வெல்' என்று தோரணம், பெண்களெல்லாம் பட்டுப்புடவை, கேக், மாலை, ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்து அழுகை. சந்தோஷம் தாங்காமல் அழுகிறார்கள் என்று நினைத்து அந்த வார்த்தையைப் பத்திரமாக மடியில் கட்டி வைத்திருந்தேன். புதுப் பாடகி வந்ததும் அவிழ்த்துவிட்டேன். "இதோ, நமது செல்வநாயகி அவர்களுக்கு இன்று ஃபேர்வெல்!" முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வாத்தியார் ஒருவர் எழுந்து, "அட பாவமே, இத்தனூண்டு புள்ளை, எங்கீங்க போகுது?" என்று கேட்டது கேசட்டில் தெளிவாக இருக்கிறது.

ஜெயசீலன் தரையில் உருண்டு சிரித்தான். நான் பாட்டை முதலிலிருந்து மறுபடி போட்டேன். பாட்டு உச்சத்துக்குப் போகிற இடத்தில் உள்ளே மிக்சி ஓடியது. சாயங்காலம் நாலு மணிக்கு எதற்குச் சட்னி என்று தெரியவில்லை.

அக்டோபர் 4

கோயமுத்தூர் போய் வந்தோம். பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் நேராகப் பேச்சு இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா போட்டு, அதற்குள் 'ம்' என்று முனகிக் குமிழி விட வேண்டும். தேரோட்டக் கூட்டத்தையே கட்டிப்போட்டவள், இளநீர்க் கடையில் குழந்தைகள் செய்கிற சேட்டையைச் செய்துகொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மேடம் முறைத்தார்.

அங்கேயும் ஒரு புது வார்த்தை கிடைத்தது. குரல் தொடங்குகிற அந்த நொடிக்குப் பெயர் ஆன்செட்டாம்.

"இத்தனை வருசமா நீங்க முட்டித் திறந்துட்டு இருந்தீங்கம்மா. கதவை உதைக்கிற மாதிரி. இனிமே மூச்சை முதல்ல விடுங்க, குரல் அது பின்னாடி தானா வரட்டும். ஈஸி ஆன்செட்."

அப்புறம், "இப்ப ஏதாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றேன். என் பெயர்தான் வரும் என்று ஒரு நம்பிக்கை.

"ஃபேன்" என்றாள். மேலே பார்த்து, "குளுருதுங்க. நிறுத்துங்க" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரோ அறைக்குள் வந்துவிட்டார்களா என்று. கனத்த குரல். அடியில் கொஞ்சம் மணல் இருந்தது.

"பழைய குரல் எப்பங்க மேடம் வரும்?" என்று கேட்டேன். மேடம் என்னமோ விளக்கமாகச் சொன்னார். சரியாகக் காதில் விழவில்லை. பஸ்ஸுக்கு வேறு நேரமாகிவிட்டது. செல்வநாயகி என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 5

நேற்று பஸ்ஸில் பொள்ளாச்சி தாண்டும்வரை நானும் பேசவில்லை. அதை இதில் எழுத வேண்டுமா தெரியவில்லை.

குரல்: இருக்கிறது.

அக்டோபர் 12, விஜயதசமி

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். ஆயுத பூஜைக்கு ஜெயசீலன் வீட்டு ஹாலில் கீபோர்டு, தபேலா, ரிதம் பேட், கிடார், மைக் எல்லாம் சாமி முன்னால் போய்விடும். மைக்குக்குச் சந்தனம், குங்குமம். அடுத்த நாள் விஜயதசமி காலையில் அவரவர் அவரவருடையதை எடுத்துக் கொஞ்சமாவது வாசித்தாக வேண்டும். அந்த வருடம் ஓடுவதற்கு அதுதான் தொடக்கம். எல்லாரும் வாசித்தார்கள். நான் ஒரு கழுதையும் ஒரு அரசியல்வாதியும் செய்து காட்டினேன். கடைசியில் மைக்கை அவளிடம் கொடுத்தார்கள்.

வருஷா வருஷம் பாடுகிற அம்மன் பாட்டு. ஜெயசீலன் பழக்கத்தில் பழைய சுருதியையே வைத்துவிட்டான். இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரியில் மேலே ஏற வேண்டும். ஏறினாள், குரல் கூட வரவில்லை. வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றாள். தபேலா நின்றது. அப்புறம் கீபோர்டும் நின்றது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு அந்த அமைதி ஆகாது. "கரண்ட் கட்டாயிப்போச்சுங்க, ஜெனரேட்டர் போடச் சொல்லியிருக்குது!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். முந்தானை வாயில் இருந்தது.

சுண்டல் நன்றாக இருந்தது.

அக்டோபர் 16

ஸ்ட்ராவும் டம்ளரும் அலமாரியில் ஏறிவிட்டன. ஜெயசீலனுக்குப் போன் போட்டு, "நவம்பர்ல பொள்ளாச்சிக் கல்யாணத்துக்கு வேற புள்ளையப் பாத்துக்க தம்பி. நான் இனி மேடை ஏறலை" என்று சொல்லிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. அவன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"கனகண்ணா, அக்கா நெசமாவே சொல்லுதா?"

"அதெல்லாம் ரண்டு நாளு. நான் பாத்துக்கறேன்."

ரேஷ்மாவிடமும் பேசினேன். செல்வநாயகி திரும்ப வரும்போது அறிவிப்பு அதிர வேண்டும், என்ன வார்த்தை போடலாம் என்று கேட்டேன். 'டெபு' என்றால் எப்படி?

"அது முதல் தடவை வர்றவங்களுக்கு அங்கிள். ஆன்ட்டி சீனியர். அவங்களுக்கு கம்பேக்."

கம்பேக். நல்ல கம்பீரமான வார்த்தை. குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். "தி கிரேட் கம்பேக்!" பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அக்டோபர் 19

அவளுக்கு ஊக்கம் வரட்டும் என்று காலையில் மடத்துக்குளம், மத்தியானம் தாராபுரம், சாயங்காலம் காங்கயம் என்று பழைய கச்சேரியாகப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். சத்தமாக. அவள் துணி துவைக்கிறாள். துவைத்ததையே துவைக்கிறாள்.

அக்டோபர் 22

இன்றைக்கு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று பார்த்தேன். குரலைப் பற்றித்தானே எழுதச் சொன்னார்கள். இது குரலைப் பற்றியதுதான்.

மடத்துக்குளம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஈரக் கையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க மாமா, இந்தப் புள்ளை ஆருங்க?"

"என்ன அம்மிணி கேள்வி இது? நீதான்."

"நானில்லீங்க. நான் பேசறதை நீங்க கேக்கறீங்கல்ல, அது மாதிரியா இருக்குது?"

"கொஞ்ச நாள்ல…"

"கொஞ்ச நாள்ல வராதுங்க. மேல போற குரல் இனி வராதுன்னு மேடம் உங்க மூஞ்சியப் பாத்துத்தான சொன்னாங்க? நீங்க பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சீங்க."

நான் ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டினாள்.

"செத்துப்போனவளை நெனச்சு அழுவறாப்புல அந்தப் பழையவ பாட்டை மூணு வேளையும் போடறீங்க. உசுரோட இருக்கறவ எங்கீங்க போறது? அந்தப் பழையவளைத்தான் மேடையில மறுபடி நிக்க வெக்கோணும்னு பாக்கறீங்க. என்னையில்ல."

அந்தக் குரலில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி இன்றுதான் கேட்டேன். கோபத்தில்கூட மெதுவாகத்தான் தொடங்கியது, மேடம் சொன்ன மாதிரி.

தேங்காய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். வீட்டில் தேங்காய் இருந்தது. கடை வாசலில் நின்று போனை எடுத்தேன். மடத்துக்குளத்தை அழிக்க மனம் வரவில்லை. போனை ஜெயசீலனிடமே கொண்டுபோய், "எல்லாப் பாட்டையும் உன்ற கம்ப்யூட்டர்ல வெச்சுக்கடா. இதுல ஒண்ணும் இருக்க வேண்டாம்" என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. நல்ல பையன்.

அக்டோபர் 23

வீடு அமைதி.

அக்டோபர் 30

நாளைக்குத் தீபாவளி. அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் வெளியே செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரு முனகல். வானொலியோ என்று நினைத்தேன். அம்மன் பாட்டுத்தான். ஆனால் இறங்கி, தரையோடு தரையாக. கிணற்றுக்குள் யாரோ தனக்குத்தானே பாடிக்கொள்வது மாதிரி. மூன்றாவது வரிக்கு அவள் மேலே ஏறவில்லை. பக்கவாட்டில் எங்கேயோ வளைந்து போய் அந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

உள்ளே போனால் நின்றுவிடும். ஒற்றைச் செருப்போடு வாசலிலேயே நின்றேன். எதிர்வீட்டு மாரப்பன், "என்னப்பா, ஊட்டுக்குள்ள உடலையா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

டம்ளரும் ஸ்ட்ராவும் அலமாரியிலிருந்து இறங்கியிருக்கின்றன. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நவம்பர் 6

மூன்று நாளாக ஜெயசீலன் சின்னக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் வருகிறான். அந்த நேரத்தில் எனக்கு மார்க்கெட்டில் வேலை வந்துவிடுகிறது. அவளே ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புகிறாள். இரண்டு பேருக்கு இவ்வளவு சேனைக்கிழங்கு எதற்கு?

நவம்பர் 10

சண்டை. பெரிய சண்டை.

பொள்ளாச்சிக் கல்யாண ரிசப்ஷனில் பாடுகிறாளாம். ஆனால் பந்தி நேரத்தில் பாடுகிறாளாம்.

மேடைக்காரர்களுக்குத்தான் இது புரியும். எங்கள் பக்கம் ரிசப்ஷனில் இலை போட்டுவிட்டார்கள் என்றால் மண்டபமே எழுந்து சாப்பாட்டு ஹாலுக்கு ஓடும். நாற்காலிதான் மிஞ்சும். அந்த நேரத்தில்தான் புதுசாக வந்த பிள்ளைகளை ஏற்றுவோம். தப்புப் போனாலும் கேட்க ஆளில்லை, பயம் தெளியட்டும் என்று. அறிவிப்பும் கிடையாது. மெயின் பாடகிகள் அந்த நேரம் முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள்.

"நீ எவ்வளவு பெரிய பாடகி! பந்தி நேரத்துல பாடுனா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சோறு திங்குங்க."

"எத்தனை வருசம் மெயின் பாட்டுப் பாடுனவ நீ…"

"இந்தக் குரலுக்கு எத்தனை வருசமுங்க? இது இன்னும் ஒரு மேடையும் ஏறலை. மொதல் தடவை ஏறுறவ எப்ப பாடோணுமோ அப்பத்தான் பாடுவேன். உங்க ரேஷ்மா சொன்னதுதானுங்க மாமா. சாஃப்ட் லாஞ்ச்."

"சரி, பாடு. நான் ரண்டே ரண்டு வார்த்தை…"

"ஒரு வார்த்தையும் வேண்டாம். பேர்கூடச் சொல்லப்படாது. கம்பேக்குன்னு குளிக்கறப்ப கத்தறது எனக்குக் கேக்காதுன்னு நெனச்சீங்களா? மத்தவங்களுக்கெல்லாம் நீங்க சொல்லுங்க. எனக்குச் சொன்னா மைக்கை வெச்சுட்டு இறங்கிப் போயிருவேன்."

நான் அறிவிக்காமல் ஒரு பாடகியும் செவ்வந்தி மேடையில் பாடியதில்லை, பந்தி நேரப் பிள்ளைகளைத் தவிர. கோபத்தில் சாப்பிடவில்லை. அப்புறம் சாப்பிட்டேன்.

நவம்பர் 18

நாளைக்கு. அவள் பத்தியம் மாதிரி மிளகும் பனங்கற்கண்டுமாக இருக்கிறாள். நான் இரண்டு தடவை அவளுடைய பச்சைப் புடவையைத் தேய்த்தேன். அவள் ஊதாவை எடுத்து வைத்திருக்கிறாள். கம்பேக்குக்கு எழுதிய வசனத்தைக் கிழித்துப் போட்டேன். நல்ல வசனம்.

நவம்பர் 20

நேற்று வந்து படுக்கவே நேரமாகிவிட்டது. இப்போது எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு இலை போட்டார்கள். மண்டபம் காலியானது. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோக்காரருக்குக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கீழே நாற்காலிகள், நாற்காலிகள் மேல் கைப்பைகள், ஒரு பெரியவர் தூக்கம். அவ்வளவுதான் சபை.

ஜெயசீலன் சுருதியைக் கீழே இறக்கிக் கொடுத்தான். செல்வநாயகி எழுந்து வந்து நின்றாள். என் கையில் ஒரு மைக் இருந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டேன். அது போதாது என்று தோன்றியது. மைக்கைத் தபேலாக்காரனிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்க் காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். பாட்டுக் கேட்க நான் கீழே உட்கார்ந்து எத்தனை காலம்! மேடை அங்கிருந்து பார்த்தால் உயரமாக இருக்கிறது.

மூச்சு முதலில் வந்தது. குரல் பின்னால் வந்தது.

சரணத்தில் ஓர் இடத்தில் அறுந்தது. ஜோக் ஒன்று தொண்டைவரை வந்தது, விழுங்கினேன். அவள் கண்ணை மூடவில்லை, யாரையும் தேடவில்லை. ஜெயசீலனைப் பார்த்துத் தலையசைத்தாள். பல்லவியை மறுபடி எடுத்தாள், இன்னும் மெதுவாக. அதே சரணத்துக்குத் திரும்ப வந்து, அறுந்த இடத்தைத் தாண்டிப் போனாள். பழைய செல்வநாயகி அந்த இடத்தில் கூட்டத்தைக் கைதட்ட வைப்பாள். இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடினாள். பொய் சொல்வானேன், எனக்கு அந்தப் பழையவள் ஞாபகமும் வந்தது. வந்து, ஓரமாக நின்று, இவள் பாடுவதைக் கேட்டுவிட்டுப் போனாள்.

பாட்டு முடியப் போகும்போது சாப்பாட்டு ஹால் பக்கமிருந்து ஒருவர் வந்தார். பட்டுச் சட்டை, எச்சில் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். கை கழுவக்கூடப் போகவில்லை. என் பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்க, இந்தம்மா ஆருங்க? உங்க செட்டுல இந்தக் குரலை நான் கேட்டதே இல்லீங்களே?"

செல்வநாயகி, மாரியம்மன் நோன்பு, தேரோட்டம், எல்லாம் ஒரே சமயத்தில் வாய்க்கு வந்து முட்டின.

"புதுசுங்க" என்றேன். "இன்னிக்குத்தான் வந்திருக்குது."

"அட! பேரு?"

"தெரியலீங்க. பாடி முடிச்சதும் கேட்டுச் சொல்றேன்."

அவர் கையைத் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் கையால் கைதட்ட முடியாமல் நாற்காலியைத் தட்டினார். நான் எழுந்து மேடை ஓரத்துக்குப் போனேன். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஏனுங்க அம்மிணி," என்றேன், "அங்க ஒருத்தர் கேக்கறாருங்க. உங்க பேரு என்னங்க?"

டம்ளரை இறக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செல்வநாயகிங்க. உங்க பேரு?"

"கனகராசுங்க."

"கீழ உக்காந்து கேட்டுட்டு இருந்தீங்க, பாத்தேன்" என்றாள். "பேசாமக் கேட்டீங்க. ரொம்ப நல்ல மனுசனாட்டத் தெரியுதே."